ஒரு பொருளுக்கு நாலு மண்டகப்படி

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் எல்லோரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தியிருக்கிறேன். அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாகப் பத்து செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றினேன். (சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், கோயில் மணிச் சத்தம் கேட்டு எழும்பிப் பழகிய வீட்டுப் பெண் நான். மெழுகுதிரிக்கும் எங்களுக்கும் கரண்ட் போனால்தான் சம்பந்தம்.)

அப்போது எனக்கு நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வடசேரிப் பக்கம், நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மேல் மாடி. காலையிலிருந்து சாயங்காலம் வரை தேங்காய் எண்ணெய் வாசனைக்குள் உட்கார்ந்து, பள்ளிக்கூடங்களுக்கான பாட மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். முதலாளி சென்னையில். எங்கள் கிளையில் ஆள் மொத்தம் நாலு பேர். இராஜாக்கமங்கலம் பக்கத்து அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்துக் கணினிகளில் சோதனை. அது நன்றாக நடந்தால் கிளை நிலைக்கும். நடக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு எல்லோரும் சென்னைக்கு.

எனக்குச் சென்னை என்றாலே ஆகாது. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலும் மீதிப் பேர் கல்ஃபிலும் இருந்தார்கள். நான் மட்டும், "ஊர்ல இருந்துக்கிட்டே கம்ப்யூட்டர் வேலை பாத்துக் காட்டுகேன்" என்று வீட்டில் சவால் விட்டு உட்கார்ந்திருந்தேன். ஆகவே அந்தச் சோதனை பள்ளிக்கூடத்துக்கு அல்ல, எனக்குத்தான்.

சோதனைக்கு முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பள்ளியில் போய் நாங்கள் யாரும் மென்பொருளை நிறுவிக் கொடுக்கக் கூடாது. தமிழில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அதைப் படித்துத் தானே நிறுவ வேண்டும். ஒரு பள்ளியில் அது முடிந்தால் எல்லாப் பள்ளியிலும் முடியும் என்பது அவர் கணக்கு. வழிகாட்டிக்குப் பொறுப்பு: நான். நியமன உத்தரவில் 'ஆவண ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருந்தார்கள். அதை நான் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

இங்கே ஒரு சங்கதியை விளக்கியாக வேண்டும். ஒரு மென்பொருளைக் கணினியில் சேர்க்க எத்தனையோ கோப்புகள் வேண்டும். அவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே கோப்பாகத் தருவார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். எங்கள் பென் டிரைவில் இருந்தது அப்படி ஒரே ஒரு கோப்பு. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

தங்கராஜ் சார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மொழி ஆலோசகராக வாரம் மூன்று நாள் வருவார். அவருக்கு அது 'பொதி'. குமரேசன் குலசேகரத்துக்காரர். திரையில் தெரிகிற பொத்தான், பெட்டி எல்லாம் வரைவது அவர் வேலை. அவருக்கு அது 'தொகுப்பு'. நிரல் முழுவதையும் எழுதியவன் ஜெபா. கடற்கரைக்காரன், நாலு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன். அவனுக்கு அது 'பேக்கேஜ்'.

"பொதி என்றால் கட்டிச் சுமந்து போகிற பொருள். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு ஏது?" என்பார் தங்கராஜ் சார்.

"சாரே, பொதியச் சுமக்கது கழுதையாக்கும். எனக்க ஸ்கிரீன்ல கழுதைய ஏத்தாண்டாம்," என்பார் குமரேசன். "தொகுப்பு கொள்ளாம். கேக்க ஒரு இது உண்டு."

"என்ன இது உண்டு? மக்கா, பேக்கேஜ்னு சொன்னா கடல்ல வலை போடுதவனுக்கும் தெரியும். பேரு வைக்கதுக்கு நம்ம என்ன பிள்ளையா பெத்திருக்கோம்?" என்பான் ஜெபா.

நடுவில் நான். என் சொல் ஒன்றும் இருந்தது என்பதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. அது 'சிப்பம்'. ஒரு ராத்திரி முழுக்க அகராதி புரட்டிக் கண்டுபிடித்தது. சொல்லிப் பார்க்கும்போதே சப்பென்று வாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். மூன்று பேரும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு, நான் எழுந்து நின்று அடக்கமாக அதை முன்மொழிய, மூவரும் வாயடைத்துப் போய்க் கை தட்டுவதாக எனக்கு ஒரு கற்பனை இருந்தது. அவர்கள் ஓயவே இல்லை.

ஏழு கூட்டம் போட்டோம். நாலாவது கூட்டத்தில் குமரேசன் வெளிநடப்பு செய்தார். (கீழே போய் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பினார்.) ஐந்தாவதில் தங்கராஜ் சார், "நான் முப்பது வருடம் பாடம் நடத்தினவன்" என்று தொடங்கி அதில் இருபது வருடத்தைச் சொல்லி முடித்தார். ஆறாவதில் ஜெபா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழாவது கூட்டத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது. பள்ளியில் மென்பொருள் திறப்பு விழாவுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

யாரையும் பகைக்கவும் முடியாது. தங்கராஜ் சார் எங்கள் அடுத்த தெரு. மனச் சடவு வந்தால் அப்பாவிடம் நேரே வந்து நிற்பார். குமரேசன் பலாச் சீசனில் வீட்டுக்கு வருக்கைச் சக்கை கொண்டுவந்து தருகிறவர். ஜெபா கோபித்துக்கொண்டால் மென்பொருளே கிடையாது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். அப்பா எங்கள் ஊர்க் கோயில் கமிட்டிச் செயலாளர். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "இதுக்கா இந்தப் பாடு?" என்றார். "பத்து நாள் திருவிழா. பத்துக் குடும்பத்துக்கும் சாமிக்குச் செய்யணும்னு ஆசை. என்ன செய்யுகோம்? ஆளுக்கு ஒரு நாள் மண்டகப்படி. அண்ணைக்கு அவன் செலவு, அவனுக்கு மரியாதை. மத்த நாள் அவன் வாய் திறக்கப்பிடாது. இதுவரைக்கும் அடி நடந்திருக்கா?"

நடந்திருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் ஓர்மைக்கு வரவில்லை. சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அறிவித்தேன். வழிகாட்டியில் நாலு அத்தியாயம். முதல் அத்தியாயம் 'பொதியைப் பெறுதல்': தங்கராஜ் சார் மண்டகப்படி. இரண்டாவது 'தொகுப்பை நிறுவுதல்': குமரேசன். மூன்றாவது 'பேக்கேஜைப் புதுப்பித்தல்': ஜெபா. அவரவர் அத்தியாயத்தில் அவரவர் சொல். அடுத்தவர் அத்தியாயத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏட்டி, உனக்குக் கொள்ளாம் மூளை" என்றான் ஜெபா. குமரேசன் கீழே போய் எல்லோருக்கும் சிப்ஸ் வாங்கி வந்தார். நான் அன்று தரையில் நடக்கவில்லை.

நாலாவது அத்தியாயத்தை யாரும் கேட்கவில்லை. 'சிக்கல் வந்தால் செய்ய வேண்டியவை' என்ற வறட்டு அத்தியாயம். அதை நானே எழுதினேன். எந்தச் சொல்லை வைத்து எழுதியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு, கொட்டை எழுத்தில், 'சிப்பம் கைவசம் இல்லாமல் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம்' என்று போட்டேன். அச்சில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், 'பொதி, தொகுப்பு, பேக்கேஜ், சிப்பம் ஆகிய நான்கும் ஒன்றே' என்று முதலில் ஒரு பக்கம் போடத்தான் நினைத்தேன். தட்டச்சும் செய்துவிட்டேன். ஆனால் அந்த வரிசையில் யார் சொல் முதலில் வருவது என்று மறுபடியும் பெகளம் கிளம்பியது. கோயில் நோட்டீஸில் பெயர் வரிசையால் வருகிற அதே சண்டை. அகர வரிசைப்படி போடலாம் என்றேன். அப்படிப் போட்டால் 'சிப்பம்' முதலில் வரும் என்பதை ஜெபா கண்டுபிடித்துவிட்டான்.

"இது எப்ப உள்ள வந்துது?" என்று அவன் கேட்டதும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. சமாதானம் கெட வேண்டாம் என்று அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டேன். புத்தகத்தில் இருந்த ஒரே உருப்படியான பக்கம் அதுதான்.

புத்தகமும் பென் டிரைவும் பள்ளிக்குப் போயின. அங்கே கணினிக்குப் பொறுப்பு மேரி ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சர். ஒரு தாளில் 'மூன்று படி எடுக்கவும்' என்று இருந்தால் மூன்று எடுத்து, எண்ணிப் பார்த்து, மறுபடியும் எண்ணுகிறவர். எழுதியிருப்பதை எழுதியபடியே செய்ய வேண்டும் என்று நம்புகிற ஒருவர் கையில் எங்கள் புத்தகம் போய்ச் சேர்ந்தது. எங்கள் விதியா அவர் விதியா, தெரியவில்லை.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. 'பொருள்: மென்பொருள் – பொதி ஒன்று பெறப்பட்டது – தொகுப்பு ஒன்று, பேக்கேஜ் ஒன்று, சிப்பம் ஒன்று ஆகிய மூன்று இனங்கள் வரப்பெறாமை – தொடர்பாக.' கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை.

இந்த இடத்தில் மூளை உள்ள எவளும் திடுக்கிட்டு, பஸ் பிடித்து இராஜாக்கமங்கலம் போயிருப்பாள். எனக்கு மூளை இருந்ததாக ஜெபா மட்டும்தான் சொல்லியிருக்கிறான். மூன்று மாதமாக அந்த நாலு சொல்லையும் மாற்றி மாற்றிக் கேட்டதில், எனக்கு அவை வேறு வேறு சொற்களாகவே கண்ணில் படவில்லை. டீச்சர் பென் டிரைவைச் சரியாகத் திறக்கவில்லை என்று நினைத்தேன். திறப்பு விழாவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்ற யோசனையில் வேறு இருந்தேன். ஒரே வரியில் பதில் போட்டேன்: 'அனைத்தும் தங்களுக்கு அனுப்பிய பென் டிரைவிலேயே உள்ளன.'

அந்த வரியில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

திறப்பு விழா நாள். பள்ளி மண்டபத்தில் பத்துக் கணினி, பத்துக்கும் சந்தனப் பொட்டு. (கத்தோலிக்கப் பள்ளிதான். பொட்டு வைத்தது குமரேசன்.) முன்வரிசையில் கல்வித்துறை அதிகாரி ஒருவர், பங்குச் சாமியார், சென்னையிலிருந்து வந்த முதலாளி. பின்னால் பெற்றோர். மீன் ஏலம் முடித்துவிட்டு நேரே வந்தவர்களும் இருந்தார்கள். எங்கள் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள், நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்தேன். மகள் சாதிப்பதைப் பார்க்க வேண்டாமா?

மேரி ஸ்டெல்லா டீச்சர் புத்தகத்தோடு மேடைக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். விழாப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அத்தியாயத்தை மைக்கில் வாசித்தார். "பொதியைப் பென் டிரைவிலிருந்து கணினிக்கு மாற்றவும்." மாற்றினார். திரையில் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தங்கராஜ் சார் திரும்பி எங்களைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். "தொகுப்பை இருமுறை சொடுக்கவும்." வாசித்துவிட்டு நின்றார். பிறகு புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும்," என்றார் மைக்கில். "பொதி மட்டுந்தான் இருக்கு. தொகுப்பும் பேக்கேஜும் சிப்பமும் எனக்க கையில இருந்து தொலஞ்சு போச்சு. கம்பெனியில இருந்து எல்லாம் அனுப்பிட்டோம்னு எழுத்துல தந்திருக்காவ. நான்தான் எங்கயோ தெரியாம அழிச்சிருக்கேன். ஹெட்மாஸ்டர் சாருக்கோ பிள்ளைகளுக்கோ இதுல ஒரு பங்கும் இல்ல. மூணு வாரமா நான் சரியா உறங்கல்ல. அந்தோணியாருக்குப் பதிமூணு செவ்வாக்கிழமை மெழுகுதிரி நேந்திருக்கேன். இன்னும் கிடைக்கல்ல."

தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோணியாருக்கு மிஞ்சி ஆள் இல்லை என்பது கடற்கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பங்குச் சாமியார் வருத்தத்தோடு தலையை ஆட்டி, பக்கத்திலிருந்த அதிகாரியிடம், "நானும் பூசையில சேத்துச் செபிச்சிட்டுத்தான் இருக்கேன். தொகுப்புன்னா என்னன்னுதான் தெரியாது" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய கடிதமும் என் ஒரு வரிப் பதிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. எழுந்து ஓடிப் போய் டீச்சர் கையைப் பிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை. நாற்காலியில் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

எழுந்தவர் தங்கராஜ் சார். "அம்மா, பதற வேண்டாம். ஒன்றும் தொலையவில்லை. தொகுப்பு என்று அவர் எழுதியிருப்பது பொதியைத்தான்."

குமரேசனும் எழுந்தார். "அது அப்படி இல்ல டீச்சரே. பொதின்னு சாரு எழுதினதாக்கும் தொகுப்பு."

ஜெபா எழுந்தே விட்டான். "ரெண்டு பேரும் சொல்லுகது பேக்கேஜத்தான் டீச்சர். நான் எழுதினேன், எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் மேடையில் பேயறைந்தது மாதிரி நிற்கிறார். அப்போதும் இவர்களில் ஒருவர்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதிகாரி கையை உயர்த்தி மூன்று பேரையும் நிறுத்தினார். "அப்போ நாலும் ஒரே சாமானா?"

"ஆமா," என்றார்கள் மூன்று பேரும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"சரி, இந்தச் சிப்பம் யாரோடது?"

மூன்று விரல்கள் என் பக்கம் நீண்டன.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றதும், பேசுவதற்கு வைத்திருந்த நன்றியுரை எல்லாம் மறந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். "மூணு பேருக்கும் சடவு வரப்பிடாதுன்னு ஆளுக்கு ஒரு அத்தியாயம் மண்டகப்படி மாதிரி பிரிச்சுக் குடுத்தேன். மிச்சம் இருந்தத நான் எடுத்துக்கிட்டேன்."

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். மண்டகப்படி என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடற்கரைக் கோயில் திருவிழாவிலும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கூட்டத்தார் சிறப்பிப்பதுதான். ஒரு மீனவர் பின்னாலிருந்து, "பிள்ளே, கொடியேத்தத்த ஆருக்குக் குடுத்த?" என்று கேட்டார். சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளி மட்டும் புரியாமல் இருபுறமும் பார்த்தார். அவருக்கு விளக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். (கடைசியில், "நான் சாமி காரியத்துக்குச் சொன்னேன், கம்ப்யூட்டருக்குச் சொல்லல்ல" என்று சேர்த்துக்கொண்டதாகப் பிறகு அறிந்தேன்.)

மேரி ஸ்டெல்லா டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று வாரத்து அழுகை. அவ்வளவு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. அந்த ஒரு அழுகை வலித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, திரையில் ஏற்கெனவே இருந்த அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினார். மென்பொருள் ஏறியது. அடுத்தடுத்துப் பத்துக் கணினியிலும் அவரே ஏற்றினார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. புத்தகம் இல்லாமல் சோதனை முழு வெற்றி. சோதனையோ புத்தகத்துக்கு.

டீ குடிக்கும்போது முதலாளி என்னிடம் வந்தார். சென்னைக்கு என்றைக்குப் பெட்டி கட்டச் சொல்லப்போகிறார் என்று காத்து நின்றேன். அவர் பிஸ்கட்டை டீயில் முக்கினார். "பகவதி, ஆறு மாசம் தர்றேன். புதுப் புத்தகம். ஒரு பொருளுக்கு ஒரே சொல். நீங்க நாலு பேரும் அதை முடிவு பண்ண வேணாம். அந்த டீச்சர் முடிவு பண்ணட்டும். இந்தத் தடவையும் சொதப்பினா கிளையே கிடையாது."

நாங்கள் நாலு பேரும் டீச்சர் முன்னால் வரிசையாக நின்றோம். ஆளுக்கு ஒரு நிமிடம் எங்கள் சொல்லுக்காக வாதாடலாமா என்று தங்கராஜ் சார் கேட்டார். டீச்சர் பார்த்த பார்வையில் அவரே வாயை மூடிக்கொண்டார்.

"பொதின்னே இருக்கட்டும்," என்றார் டீச்சர். "எனக்க கையில இருந்து தொலையாம இருந்தது அது ஒண்ணுதான்."

மூன்று மாதம், ஏழு கூட்டம், ஒரு வெளிநடப்பு. முடிவெடுக்க டீச்சருக்கு அரை நிமிடம். தங்கராஜ் சார் அதற்குப் பிறகு ஒரு வருடம் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தமிழே வென்றதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீச்சர் சொன்ன காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். குமரேசன் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, திரையில் இருந்த ஒவ்வொரு தொகுப்பையும் பொதி ஆக்கினார். நான் என் சிப்பத்தை யாரும் பார்க்காத நேரத்தில் அழித்தேன்.

கிளம்பும்போது டீச்சரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "அது போட்டும்," என்றார். "நேந்தது பதிமூணு செவ்வா. மூணு முடிச்சிருக்கேன். பாக்கி பத்தும் உனக்கு."

"எனக்கா?"

"தொலைச்சது ஆரு?"

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆபீசிலிருந்து நேரே பஸ் பிடித்து, கடற்கரையில் இருக்கும் அந்தோணியார் குருசடி என்கிற சின்னக் கோயிலுக்குப் போனேன். தொகுப்புக்கு ஒன்று, பேக்கேஜுக்கு ஒன்று, சிப்பத்துக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணி மூன்று மெழுகுதிரி வாங்கியிருந்தேன். டீச்சர் காத்து நின்றார். என் கையிலிருந்து இரண்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒரு சாமானுக்கு எதுக்குட்டி மூணு திரி? எல்லாம் ஒண்ணுதான்னு மைக்குல சொன்னதுதானே."

புதுப் புத்தகம் அந்தப் பத்து செவ்வாய்க்குள் எழுதி முடிந்தது. ஒவ்வொரு பக்கமும் குருசடி வாசலில் டீச்சர் படித்துத் திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போனது. ஒரு பொருளுக்கு இரண்டாவது பெயர் எங்கேயாவது தலை காட்டினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். கிளை பிழைத்துக்கொண்டது. நான் இன்னும் வடசேரியில், அதே எண்ணெய் வாசனைக்குள்தான் இருக்கிறேன்.

ஆனால் வீட்டில் எனக்கு விடிவு இல்லை. அன்று மண்டபத்தில் வாய் திறக்காமல் இருந்த அம்மா, அதை வட்டியோடு எடுத்துக்கொண்டாள். வீட்டில் எது காணாமல் போனாலும், குடையோ கண்ணாடியோ கேஸ் புத்தகமோ, அம்மா முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: "தொலஞ்சுதா, இல்ல அதுக்கு வேற பேரு எதும் வச்சிட்டியா?" அப்பாவும் கற்றுக்கொண்டார். சக்கை கொண்டுவந்த குமரேசனும் கற்றுக்கொண்டார்.

என் கல்யாணத்தன்று, முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தாலிப் பெட்டியைக் காணவில்லை. அம்மா அதைப் பட்டுத் துணியில் சுற்றி முடிந்து, ராத்திரியே எடுத்து வைத்தது. மண்டபமே புரண்டது. அத்தைமார்கள் ஆளுக்கொரு பெட்டியைத் திறந்து கவிழ்த்தார்கள். "தாலிப் பெட்டி கண்டியா, தாலிப் பெட்டி கண்டியா" என்று பந்தி வரைக்கும் விசாரணை போனது. மேரி ஸ்டெல்லா டீச்சர் கைப்பையைத் திறந்து மெழுகுதிரியைத் தேடுவது மணவறையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அம்மா வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்து, பழக்க தோஷத்தில், அத்தனை பேர் முன்னால் கேட்டாள்: "ஏட்டி, தொலஞ்சுதா, இல்ல வேற பேரு எதும் வச்சிட்டியா?"

மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். (பெண் பார்க்க வந்த அன்றே அப்பா அவர்களுக்குக் கதையைச் சொல்லிவிட்டிருந்தார்.) அந்தச் சிரிப்புச் சத்தம் ஓய்ந்தபோது, முன்வரிசையில் தங்கராஜ் சார் மடியில் பட்டுத் துணி முடிச்சு ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஜெபா கண்டான்.

"சாரே, அது என்ன?"

"பெரிய அத்தை கொடுத்தார்கள். இந்தப் பொதியை ஒரு நிமிடம் பத்திரமாக வைத்திருங்கள் என்றார்கள்," என்றார் தங்கராஜ் சார், அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "ஏன்? நீங்கள் எல்லோரும் ஏதோ பெட்டி அல்லவா தேடுகிறீர்கள்?"